அசையாதவர்கள் மட்டும்

ஒக்சேர், பிரான்ஸ்
20.04.1997

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி குகதாசன் எழுதுகிறேன். இங்கே வந்து பதினொரு நாள். விமானத்தில் பிடித்த சளித்தடிமன் இன்னும் விடவில்லை, மற்றப்படி ஒரு குறையும் இல்லை. உங்கள் முழங்கை நோவு எப்படி? கஜனி சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறாளா?

ரெலிபோன் எடுக்கவில்லை என்று கோபிக்க வேண்டாம். கார்ட் ஆறு நிமிடத்தில் முடிகிறது. அதில் நாலு நிமிடம் "சாப்பிட்டனியே, சாப்பிட்டனியே" என்று நீங்கள் கேட்பதிலேயே போய்விடும். கடிதம் என்றால் நான் சொல்வதை முழுதாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். புரொபெசர் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேசன் நடந்ததால் ரொறன்ரோவை விட்டு அசைய முடியாது. அவருடைய புத்தகத்துக்காக அறுநூறு எழுநூறு வருடப் பழைய தேவாலயங்கள் நாற்பதைப் படம் எடுத்துக்கொண்டு வரச்சொல்லி, இவ்வளவு நாளும் அவருடைய பழைய படங்களை அடுக்கிக்கொடுத்த என்னை அனுப்பியிருக்கிறார். பிரான்ஸ், ஜேர்மனி, பிறகு ஸ்பெயின். கமரா ஒரு றங்குப்பெட்டி அளவு. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் கோபுரம் தலைகீழாகத் தொங்கும். தூண் ஒரு நூல் சாய்ந்தாலும் புரொபெசர் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். கொழும்பில் நாள் முழுக்க பாஸ்போட் சைஸ் எடுத்த எனக்கு இது பெரிய உத்தியோகம்தான்.

உள்ளே ஒரே இருட்டு. ஆனபடியால் லென்ஸை அரை மணித்தியாலம் திறந்துவிட்டுப் பக்கத்தில் குந்திக்கொண்டிருப்பேன். சனம் வரும், போகும், மெழுகுதிரி கொளுத்தும், பிள்ளைகள் ஓடித்திரியும். ஒருவரும் படத்தில் விழமாட்டார்கள். அசையாமல் இருப்பது மட்டும்தான் விழும். கழுவிப் பார்த்தால் வெறும் கல்லும் வெளிச்சமும். அவ்வளவு சனமும் எங்கே போனது என்று எனக்கே சிலவேளை பயமாக இருக்கும்.

ஒரு படம் வைத்திருக்கிறேன், கஜனிக்குக் காட்டுங்கள். பாரிசில் என் கூட்டாளியின் முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது. அதற்கு எழுதினால் நான் இருக்கும் இடத்துக்குத் தட்டிவிடுவான்.

கதவை இரண்டு பூட்டும் போட்டுவிட்டுப் படுங்கள்.

உங்கள் தம்பி,
குகதாசன்


வோபர்ன், ஸ்காபரோ
09.05.1997

அன்புத் தம்பி குகதாசனுக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். முழங்கை அப்படியேதான். பேக்கரியில் பாண் தட்டுத் தூக்குகிறவளுக்கு நோவு எப்படிக் குறையும்? தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. அங்கே கொத்தமல்லி இல்லை என்று பொய் சொல்லாதே. பாரிசில் இல்லாத தமிழ்க்கடையா?

படம் வந்தது. முதலில் கஜனிதான் கண்டாள். "அம்மா, இதில ஆரோ நிக்கினம்" என்றாள். மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில், புகை மாதிரி ஓர் ஆள். தோளும் கையும் தெரிகிறது, முகம் இல்லை. பின்னால் இருக்கிற கல் ஆளுக்குள்ளால் தெரிகிறது. ஒருவரும் விழமாட்டார்கள் என்று எழுதினாயே, இது யார்? நான் மூன்று நாளாக அந்தப் படத்தைக் குசினி மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தோளை ஒரு பக்கம் சரித்து நிற்கிற விதம் இவர் நிற்பது போலவே இருக்கிறது. சிரிக்காதே.

போன கிழமையும் இப்படித்தான். மார்க்கம் றோட் பஸ்ஸில் முன்சீற்றில் இவருடைய பிடரி. இரண்டு தரிப்பு தாண்டிப்போய் இறங்கி, முகத்தைப் பார்த்து, வேறு யாரோ என்று கண்டு, வேலைக்குப் பிந்திப் போய் ஏச்சும் வாங்கினேன்.

காணாமல் போனவர்களைத் தேடித் தரும் அலுவலகத்திலிருந்து இந்த வருடமும் கடிதம் வந்துவிட்டது. சின்னத்தம்பி சிவபாதம் என்ற பெயரில் எந்த நாட்டிலும் ஆஸ்பத்திரியிலும் சிறை மறியலிலும் ஒருவரும் இல்லையாம். கொழும்பில் இருந்து தொண்ணூற்று மூன்று மாசி மாதம் வெளிக்கிட்ட மனிசன். ஐப்பசியில் உக்ரேனில் இருந்து இங்கே எனக்கு ஒரு ரெலிபோன். "பிள்ளையை எழுப்பாதை, நான் வந்து எழுப்புறன்" என்றதுதான் கடைசி. நாலாவது வருடம் நடக்கிறது. நானும் பொட்டு வைத்துக்கொண்டுதான் திரிகிறேன்.

ஏஜென்சிக்காரன் இவரை என்ன பெயரில் அனுப்பினான் என்று மட்டும் தெரிந்தால் போதும். கொழும்பில் கூடவே இருந்தவன் நீ. இன்னொருமுறை யோசித்துப் பார், தம்பி. பாரிசில் எங்கள் ஆட்களையும் விசாரி.

கொத்தமல்லியை மறக்காதே.

அக்கா,
தவமணி


02.06.1997

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் சுற்றிச் சுழன்று கைக்கு வந்தது. நான் சுகம். வேலை மும்முரம், அதனால் நாலு வரிதான்.

படத்தில் இருப்பது பேயும் இல்லை, அத்தானும் இல்லை. யாரோ ஒருவர் அந்த இடத்தில் ஐந்தாறு நிமிடம் அசையாமல் நின்றுவிட்டுப் போயிருக்கிறார். அரை மணித்தியாலத்தில் ஐந்து நிமிடம் நின்றவர் அவ்வளவுதான் விழுவார். அந்தப் படத்தை மேசையில் இருந்து எடுத்து வையுங்கள். இனி எடுக்கும்போது நன்றாகப் பார்த்து எடுக்கிறேன்.

பெயர் விஷயம் முந்தியே சொன்னதுதான். அது ஏஜென்சிக்காரனுக்குத்தான் தெரியும். அவனும் இப்போது எங்கே என்று தெரியாது. பாரிசில் விசாரித்தேன், ஒரு துப்பும் இல்லை.

இந்த மாதம் முடிய ஸ்பெயின் போவேன். கஜனிக்கு முத்தம். உங்களைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
குகதாசன்


வோபர்ன்
25.06.1997

தம்பிக்கு,

சுகமா என்று பிறகு கேட்கிறேன். உன் கடிதத்தில் தேதி இருந்தது, ஊர் இல்லை. முத்திரையை கஜனி சேர்க்கிறவள். அவள்தான் வாசித்தாள், ஸ்லோவாக்கியாவாம். ஜேர்மனியிலும் இல்லை, ஸ்பெயினுக்குப் போகிற வழியிலும் இல்லை. பள்ளிக்கூடத்து உலக மப்பை விரித்துக் காட்டினாள். உக்ரேனுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

உன் புரொபெசர் அம்மாவுக்குக் கஜனியைக் கொண்டு ரெலிபோன் எடுத்தேன். அந்த நாட்டில் ஒரு கோவிலும் அவருடைய பட்டியலில் இல்லையாம். நீ சொந்த விஷயமாக லீவு கேட்டாயாம். போன வருடமே அவருடைய குறிப்புப் பெட்டியில் இருந்து அந்த நாட்டுக் கோவில்களை எழுதி எடுத்தாயாம். "உங்கட அங்கிள் அதில கெட்டிக்காரன்" என்று பிள்ளையிடம் புகழ்ந்தாராம்.

பிறகு, மில்லிக்கனில் இருக்கிற ஜெயரூபனைப் பிடித்தேன். போன வருடம் உன்னைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்த பெடியன், இவரோடு ஒன்றாக வெளிக்கிட்டவன் என்று இப்போதுதான் எனக்குத் தெரியும். அவன் வந்து போனதில் இருந்துதான் உனக்குக் கோவில் பைத்தியம் பிடித்தது என்று இப்போது விளங்குகிறது. ரெலிபோனில் அவன் அழுகிறானே தவிர வாய் திறக்கிறான் இல்லை. "அக்கா, குகனண்ணையிட்டைக் கேளுங்கோ, நான் அவருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன்" என்கிறான்.

அதனால் உன்னிடமே கேட்கிறேன். அங்கே என்ன தேடுகிறாய்?

அக்கா


ஸ்பிஷ் மாவட்டம், ஸ்லோவாக்கியா
30.07.1997

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். நீங்கள் இருந்து வாசியுங்கள். பக்கத்தில் கஜனி இருந்தால் வெளியே விளையாட அனுப்பிவிடுங்கள்.

அத்தான் இல்லை, அக்கா. தொண்ணூற்று மூன்று கார்த்திகை இருபத்தோராம் தேதி இந்த ஊரில் செத்துப்போனார். அவருடைய சமாதிக்கு எதிரில் இருக்கிற மர வாங்கில் குந்தியிருந்துதான் எழுதுகிறேன்.

ஜெயரூபன் போன வருடம் என்னிடம் சொன்னது இதுதான். பதினொரு பேரை லொறியில் எல்லை கடத்தி மலையடிவாரத்தில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். அத்தானுக்கு நெஞ்சில் சளி கட்டிக் கடும் காய்ச்சல். பனியில் நடக்க முடியவில்லை. ஓர் ஊர்க் கோவில் வாசலில் அவரைச் சாய்த்து வைத்து, கதவைத் தட்டிவிட்டு மற்றவர்கள் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். ஊர்ப் பெயர் தெரியாது. ஒன்றுதான் அவனுக்கு ஞாபகம். கோவிலின் வெளிச்சுவரில், கூரை முட்ட, தோளில் ஒரு குழந்தையைச் சுமந்துகொண்டு ஆறு கடக்கிற ஒரு பெரிய மனிதரின் படம்.

அவனுக்கு அது வெறும் படம். எனக்கு அப்படி இல்லை. புரொபெசரின் மேசை லாச்சியில் அந்தப் பெரிய மனிதரை நூறு தரம் பார்த்திருக்கிறேன். வழிப்போக்கர்களின் புனிதர் அவர். தூரத்தில் இருந்தே தெரியவேண்டும் என்று அந்தக் காலத்தில் வெளிச்சுவரில் கீறுவார்களாம். அவரைப் பார்த்தவன் அன்றைக்குச் சாகமாட்டான் என்று சனம் நம்பியதாம். இந்தப் பக்கத்தில் அப்படிப் படம் அழியாமல் மிஞ்சிய கோவில்கள் எத்தனை என்று குறிப்புப் பெட்டியில் தேடினேன். ஐந்து இருந்தன. அதற்காகத்தான் இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டேன். நாலாவது கோவிலில் கண்டுபிடித்தேன்.

இனிச் சொல்லப்போவதுதான் கஷ்டம்.

இங்கே சமாதிக் கல்லில் இறந்தவரின் படத்தைக் கோழிமுட்டை வடிவப் பீங்கானில் பதித்து ஒட்டுவார்கள். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். மதில் ஓரக் கல்லில் அத்தான் என்னைப் பார்த்தார். நான் எடுத்த படம், அக்கா. கொழும்பில், என் ஸ்ரூடியோவில், என் விளக்கில். கீழே மூலையில் பாஸ்போட் முத்திரையின் வளைவுகூடப் பதிந்திருக்கிறது, அதைக் கீறியதும் நான்தான். கல்லில் உள்ள பெயர் பஸ்ரியன்.

ஏஜென்சிக்காரனுக்கு நான் தலை மாற்றிக் கொடுத்தவன். வேறு ஆளின் பாஸ்போட்டில் படத்தை உரித்துவிட்டுப் போகிறவரின் படத்தை ஒட்டுவது. எத்தனை பேருக்குச் செய்தேன் என்று கணக்கில்லை. அத்தானுக்கு வந்தது பஸ்ரியன் என்ற குருநகர் வேதக்காரர் ஒருவருடைய பாஸ்போட். அதனால் அத்தானின் நெற்றியில் இருந்த திருநீற்றை நான்தான் துடைத்தேன். பாஸ்போட்டோடு ஒரு சிலுவைச் சங்கிலியும் வந்தது. கழுத்தில் போட்டு, அது தெரியட்டும் என்று சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றச் சொன்னேன். "டேய், கொக்காவுக்குச் சொல்லிப்போடாதை, மதம் மாத்திப்போட்டான் எண்டு உன்னை வெட்டுவாள்" என்று உங்களை நினைத்துச் சிரித்தார். சிரிப்பு அடங்க முன்னம் எடுத்த படம். பீங்கானிலும் வாய்க்கடையில் அது தெரிகிறது.

பெயர் எனக்குத் தெரியும். முதல் நாளில் இருந்தே தெரியும். ரொறன்ரோவுக்கு வந்து அகதி விசாரணையில் நின்றபோது, பாஸ்போட் வேலை செய்தவன் என்று வெளியில் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று இருந்து, பிறகு இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்களே என்ற பயம் வந்துவிட்டது.

பாதர் வயதானவர். உடைந்த ஆங்கிலம் பேசுவார். அத்தானைத் தன் கட்டிலில் கிடத்தி, டொக்டரைக் கூப்பிட்டு, மூன்று நாள் பார்த்திருக்கிறார். கழுத்தில் சிலுவை இருந்ததால் தங்கள் ஆள் என்று நினைத்துக் கோவில் வளவுக்குள்ளேயே அடக்கம் செய்தாராம். என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "கஜனி என்றால் உங்கள் மொழியில் என்ன பொருள்?" கடைசிவரை அத்தான் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஏதோ மன்றாட்டு என்று பாதர் நினைத்திருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. பாதர் யாழ்ப்பாணத்துக்கு எழுத, அங்கே தேடி, கொழும்பில் இருக்கும் பஸ்ரியனின் மனைவியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வேரோனிக்கா என்று பெயர். ஒவ்வொரு கார்த்திகையும் அவ இந்தச் சமாதிக்குக் கடிதம் எழுதி அனுப்புகிறா. பாதர் கட்டாக வைத்திருக்கிறார். அத்தாட்சி கொடுத்தால் கல்லில் பெயரை மாற்றலாம் என்கிறார். நீங்கள் சொல்லுகிறபடி செய்கிறேன்.

கோவில் முகவரி கீழே. என்ன ஏச்சு என்றாலும் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்க வேண்டாம்.

குகதாசன்


ஸ்காபரோ
ஓகஸ்ட் 19

டியர் மாமா,

ஹவ் ஆர் யூ? நான் ஓகே. அம்மா ஓகே இல்லை. உங்கட லெட்டரை ஃப்ரிட்ஜுக்கு மேல வச்சிருக்கிறா. நான் கதிரையில ஏறி எடுத்தனான். எனக்குத் தமிழ் மெதுவாத்தான் வாசிக்க வரும், ஆனா வாசிச்சிட்டன்.

அம்மா வேலைக்குப் போறா, சமைக்கிறா, ஆனா கதைக்கிறா இல்லை. நான் அழேல்லை. எனக்கு அப்பான்ர முகம் மறந்துபோச்சு, அதுதான் அழுகை வரேல்லை எண்டு நினைக்கிறன். அந்தக் கல்லில இருக்கிற படத்தை எடுத்து அனுப்புவீங்களா? குளோஸப். அம்மாக்குச் சொல்ல வேண்டாம்.

லவ்,
கஜனி


வோபர்ன்
05.09.1997

குகதாசனுக்கு,

நானும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறோம். உன் சுகத்தைக் கேட்க இன்றைக்கு எனக்கு மனமில்லை.

நீ என் வீட்டுச் சோபாவில் மூன்று வருடம் படுத்தவன். ஒவ்வொரு வருடமும் தேடித் தரும் அலுவலகத்துப் படிவத்தை நான் நிரப்பும்போது பக்கத்தில் இருந்தவன். "அக்கா, சிவபாதத்தில ஒரு எழுத்து விட்டிட்டியள்" என்று இங்கிலீசு எழுத்தைத் திருத்திக் கொடுத்தாய். அந்தப் பெயரில் ஒருவரும் கிடைக்கமாட்டார் என்று தெரிந்துகொண்டே திருத்தினாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. செத்தவரை அழுது தீர்க்கலாம். பயந்து ஒளித்ததைக்கூட மன்னிக்கலாம். எழுத்தைத் திருத்திய கையை என்ன செய்வது?

பஸ்ரியன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஒரு மாதத்தில் பதில் வந்திருக்கும். மூன்று வருடம் அவருக்குத் திதி இல்லை, தண்ணீர் தெளிக்க ஆள் இல்லை. நான் இங்கே பஸ்ஸில் போகிறவன் வருகிறவனின் பிடரியைப் பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

அதற்கு மேலே, என் மனிசனின் சமாதிக்கு வேறொருத்தி கடிதம் எழுதுகிறாளாம். என்ன எழுதுகிறாள்? இவருக்கு இருமல் வந்தால் எந்தப் பக்கம் சரிந்து படுப்பார் என்று அவளுக்குத் தெரியுமா? நான்தான் எழுதியிருக்க வேண்டும். கல்லில் பெயரை மாற்று. அவளுடைய முகவரியை பாதரிடம் வாங்கி இந்தக் கடிதம் கண்ட அன்றைக்கே ரெலிபோனில் கஜனிக்குச் சொல். என்னோடு கதைக்க வேண்டாம்.

தவமணி


வோபர்ன், ஸ்காபரோ
17.09.1997

திருமதி வேரோனிக்கா பஸ்ரியன் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை, ஆனால் எனக்கு அது வருகிறது இல்லை.

ஸ்லோவாக்கியாவில் உங்கள் கணவர் பெயரில் இருக்கும் சமாதியில் இருப்பவர் என் கணவர் சிவபாதம். உங்கள் கணவரின் பாஸ்போட்டில் போனவர். அந்தக் கல்லில் உள்ள பெயரை மாற்ற ஏற்பாடு செய்கிறேன். இனிமேல் நீங்கள் அங்கே கடிதம் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு இது வேதனையாக இருக்கலாம். எனக்கும் வேறு வழியில்லை.

இப்படிக்கு,
தவமணி சிவபாதம்


முகத்துவாரம், கொழும்பு
03.10.1997

அன்புள்ள சகோதரி தவமணிக்கு,

ஆண்டவரின் சமாதானம் உங்களோடு இருப்பதாக. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நானும் மகளும் சுகம். உங்கள் சுகத்துக்கு மன்றாடுகிறேன்.

உங்கள் கடிதத்துக்காக நாலு வருடம் காத்திருந்தேன்.

என்னுடைய அவர் தொண்ணூறாம் ஆண்டு கடலுக்குப் போனார். வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. அரபு நாட்டுக்குப் போக எடுத்த பாஸ்போட் புதிதாக வீட்டில் இருந்தது. கொழும்புக்கு வந்த பிறகு மகளுக்கு நெருப்புக் காய்ச்சல். கேட்டு வந்த ஆளுக்கு அதை விற்றேன். பாவம் என்று தெரியும். எடுத்துக் கொடுக்கும்போது கை விடவில்லை, அதனால் அவருடைய சிலுவைச் சங்கிலியையும் சேர்த்துக் கொடுத்தேன். "அவற்ர பேரில போறவர் ஆரெண்டு எனக்குத் தெரியாது. உந்தச் சங்கிலியையும் அவரிட்டைக் குடுங்கோ, வழிக்குத் துணையாயிருக்கும்" என்று சொன்னேன்.

பிறகு அந்த நாட்டுப் பாதர் சுவாமியின் கடிதம் வந்தது. கல்லின் படமும் இருந்தது. கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முகம் அவருடையது இல்லை. சங்கிலி அவருடையது.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பாஸ்போட் விற்ற பயம் ஒன்று. மற்றது, சொன்னால் சுவாமி அந்தப் பெயரை எடுத்துவிடுவார், பெயரில்லாத கல்லுக்கு ஆர் மெழுகுதிரி வைப்பார்கள் என்று யோசித்தேன். இந்த மனிதருக்கும் எங்கேயோ ஒரு பெண்சாதி இருப்பா, அவ வந்து சேருமட்டும் நான் பார்த்துக்கொள்வோம் என்று நினைத்தேன். அதனால்தான் கார்த்திகைக்குக் கார்த்திகை எழுதினேன். என்னுடைய அவரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. "உங்களை ஆரும் மறக்கேல்லை" என்றுதான் எழுதினேன். சுவாமி எங்கள் பாஷை தெரியாமலே சமாதியில் நின்று கடிதத்தைப் பிரித்துப் பிடிப்பாராம்.

சாகும்போது கஜனி, கஜனி என்றாராம். நான் அந்தப் பெயருக்கும் வருடா வருடம் பூசை ஒப்புக்கொடுத்தேன். கஜனி நீங்களாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நீங்கள் தவமணி என்றால், பிள்ளையா?

பெயரை மாற்றுங்கள். அது உங்கள் உரிமை. ஊர்க் கல்லறைச் சேமக்காலையில் என்னுடைய அவருக்கு ஒரு கல்லும் இல்லை, அதனால் அந்தப் பெயரை அங்கே பார்த்துக்கொண்டிருப்பது எனக்கும் ஓர் ஆறுதலாக இருந்தது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மாற்றின பிறகும் கார்த்திகையில் ஒரு வரி எழுதலாமா என்று மட்டும் கேட்கிறேன். நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறேன்.

சகோதரி,
வேரோனிக்கா


வோபர்ன்
16.10.1997

தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? அங்கே குளிர் தொடங்கியிருக்கும். அந்தப் பழைய ஜக்கற்றைத்தானே போட்டுக்கொண்டு திரிகிறாய்? போய்ப் புதிதாக ஒன்று வாங்கு. நெஞ்சில் சளி கட்டவிடாதே.

கொழும்பில் இருந்து வந்த கடிதத்தைப் போட்டோக் கொப்பி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். வாசி. நான் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. நான் எழுதிய கடிதத்தை நினைத்தால் கூசுகிறது. சிவபாதம் என்ற பெயரை வைத்துக்கொண்டு நான் தேடிய காலம் முழுக்க, பஸ்ரியன் என்ற பெயரை வைத்துக்கொண்டு அவ காவல் இருந்திருக்கிறா.

பெயரை மாற்ற வேண்டாம். அது அவவுக்கு இருக்கட்டும். கீழே "கஜனியின் அப்பா" என்று தமிழில் வெட்டுவிக்க ஏலுமா என்று கேள். நீ பெரிதாக எழுதிக் கொடுத்தால் கல் வெட்டுகிறவர் பார்த்து வெட்டுவார்தானே. வேரோனிக்காவுக்கு எழுதிவிட்டேன், கஜனி பிள்ளைதான் என்றும், கடிதத்தை நிறுத்தக் கூடாது என்றும். கஜனியும் அப்பாவுக்கு இரண்டு வரி எழுதினாள், அதுவும் இதோடு இருக்கிறது.

ஐயரைக் கேட்டேன். இங்கே காரியம் செய்கிறோம். தேதி இப்போது தெரியும் என்பதே பெரிய விஷயம் என்றார். பொட்டை நான் எடுக்கவில்லை. இவர் இருக்கிறார் என்று வைத்ததை இனி இவருக்காக வைக்கிறேன். கதைக்கிற சனம் கதைக்கட்டும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு இன்னும் வரவில்லை. அந்த எழுத்துத் திருத்திய கை கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் நீதானே தேடிப் போனாய். அதையும் நான் மறக்கவில்லை.

ஒரு படம் எடுத்து அனுப்பு. கோவிலும், அந்தப் பெரிய மனிதரும், இவருடைய கல்லும் வரவேண்டும். அரை மணித்தியாலம் திறந்து வை. உன் வழக்கப்படி கமராவுக்குப் பின்னால் ஒளிந்திருக்காதே. கல்லுக்குப் பக்கத்தில் போய் இரு. அசையாமல் இரு. எங்கள் வீட்டில் பக்கத்தில் இருந்துகொண்டே இல்லாமல் இருந்தாய். இந்த முறை படத்தில் விழு.

அக்கா,
தவமணி


ஸ்பிஷ் மாவட்டம்
04.11.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். புது ஜக்கற் வாங்கிவிட்டேன், கறுப்பு. உங்கள் முழங்கைக்குப் பாதர் ஒரு களிம்பு தந்தார், கொண்டுவருகிறேன்.

நேற்று முன்தினம் இவர்களுடைய இறந்தவர் நாள். ஊரே சேமக்காலையில்தான். எல்லாக் கல்லிலும் பூவும் மெழுகுதிரியும். அத்தானுக்கு மட்டும் ஒன்பது மெழுகுதிரி இருந்தது. சொந்தக்காரர் தூரம் என்று ஊர்ச்சனம் ஆளுக்கொன்று வைப்பார்களாம். வேரோனிக்கா அக்காவின் கடிதத்தை இந்த முறை பாதர் என்னிடம் தந்தார். நான் சத்தமாக வாசித்தேன். தமிழில் ஒருவர் வாசித்தது அதுதான் முதல் தரம். கஜனியின் இரண்டு வரியையும் வாசித்தேன்.

படம் மத்தியானம் எடுத்தேன். வெளிச்சம் கூட என்று கமராவுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, லென்ஸைத் திறந்துவிட்டு, கல்லுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன். நீங்கள் சொன்னபடி அரை மணித்தியாலம். அவ்வளவு சனம் எங்களைச் சுற்றி நடந்ததே, ஒருவரும் விழவில்லை. சுவரில் பெரிய மனிதர் இருக்கிறார், தோளில் பிள்ளையோடு. கல்லில் "கஜனியின் அப்பா" கொஞ்சம் கோணல்தான், ஆனால் எழுத்துப் பிழை இல்லை. பீங்கானில் அத்தான் நல்ல தெளிவாக இருக்கிறார். கஜனி கேட்ட குளோஸப்பும் தனியே வைத்திருக்கிறேன், அவளை ஏச வேண்டாம்.

நான் விழுந்திருக்கிறேன், ஆனால் முகமும் தோளும் கலங்கிப்போய், இரண்டு மூன்று ஆள் இருப்பதுபோல. அசையாமல் இருக்கத்தான் பார்த்தேன், அக்கா. அழுகை வந்துவிட்டது.

இரண்டாவது படம் எடுக்கவில்லை.

தம்பி,
குகதாசன்